மாமா கணினியைப் போட்டால் மாடியில் இணையம் போய்விடுகிறது: மூன்று கணினிகளும் சேர்ந்து வேலை செய்ய என்ன வழி?

#1 மகாமகக்கரை

வணக்கம். கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரு மாதமாக இந்த இணையத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள்.

வீட்டில் கணினி மூன்று. ஹாலில் என் மாமனாரின் டெஸ்க்டாப். மாடியில் என் லேப்டாப், மகளின் லேப்டாப். நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் செய்கிறேன். மகள் சிஏ படிக்கிறாள், காலை 9.30க்கு ஆன்லைன் வகுப்பு.

ஃபைபர் மோடம் ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீலக் கேபிள் படிக்கட்டு ஓரமாக மாடிக்குப் போய் எங்கள் பழைய வைஃபை ரவுட்டரில் செருகியிருக்கிறது. மாடிக் கணினிகள் அந்த ரவுட்டரில். மாமா கணினிக்குத் தனிக் கேபிள், நேராக மோடத்தில் இருந்து.

எது ஒன்றை மட்டும் போட்டாலும் பிரமாதமாக ஓடுகிறது. மாமா கணினியும் மாடியும் சேர்ந்து ஓடினால் வினை. மகள் வகுப்பில் சாரின் முகம் அப்படியே உறைந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளிவிடும். சில சமயம் மாடி நன்றாக இருக்கும், கீழே மாமா "பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு" என்பார். வைஃபை குறி முழுதாக இருக்கிறது, கேபிள் விளக்கும் எரிகிறது.

இணைப்பு கொடுத்தவர்களிடம் சொன்னேன். காலையில் கூட்டம் அதிகம், உங்கள் 100 எம்பி திட்டம் மூன்று கணினிக்குப் போதாது, 200க்கு மாறுங்கள், ரவுட்டரும் பழசு, புதிது 2,800 ரூபாய் என்கிறார்கள். கட்டத் தயார்தான். கட்டியும் சரியாகாவிட்டால் என்ன செய்வது என்றுதான் தயங்குகிறேன்.

#2 நெட்டிழை

மேடம், பணத்தைக் கட்டாதீர்கள். 100 எம்பியில் வீடியோ வகுப்பு, அலுவலக வேலை, இன்னொரு கணினி எல்லாம் தாராளமாக ஓடும். வேகம் போதாவிட்டால் எல்லாமே மெதுவாகும். ஒன்று வந்தால் இன்னொன்று அறுந்து போவது வேறு வியாதி.

எனக்குத் தோன்றுவது டிஎச்சிபி. வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது அதுதான். சில மோடங்களில் இரண்டு மூன்று முகவரிக்கு மேல் கொடுக்காதபடி எல்லையைக் குறுக்கி வைத்திருப்பார்கள். யாராவது கையால் ஒரே முகவரியை இரண்டு கணினியில் எழுதி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

மூன்று கணினியிலும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு /ஆல் என்று அடியுங்கள். ஐபிவி4 முகவரி, டீஃபால்ட் கேட்வே (அந்தக் கணினி வெளியே போகும் வாசலின் முகவரி) இரண்டையும் இங்கே போடுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி எதிலாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கணினிக்கு முகவரி கொடுக்க ஆளே இல்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மோடம், ரவுட்டர் இரண்டையும் ஒரு தடவை அணைத்துப் போட்டீர்களா?

#3 மகாமகக்கரை

ஒரு தடவையா, தினமும் காலையில் அதுதான் வேலை. போட்டதும் பத்து நிமிடம் நன்றாக இருக்கும், திரும்ப அதே கதை. நீங்கள் கேட்டதை ராத்திரி எடுத்துப் போடுகிறேன்.

#4 கிரிம்பிங்டூல்

அக்கா, மோடத்தில் இருந்து மாமா கணினிக்கும் மாடிக்கும் இரண்டு கேபிள் தனித்தனிப் போர்ட்டில் போகிறதா? இல்லை, ஒரே போர்ட்டில் ஒய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு மாட்டி இரண்டாகப் பிரிகிறதா? சென்ற மாதம் மட்டும் இந்தத் துண்டால் வந்த புகார் இரண்டு பார்த்தேன்.

#5 ஹாஸ்டல்வாசி

அண்ணா, அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது! ரூமில் சுவரில் ஒரு பாயிண்ட்தான். நானும் ரூம்மேட்டும் சேர்ந்து கடையில் 80 ரூபாய்க்கு ஸ்ப்ளிட்டர் வாங்கிப் போட்டோம். ஒருத்தர் கேபிளைப் பிடுங்கினால்தான் இன்னொருத்தருக்கு நெட் வருகிறது. துண்டு பழுதா?

#6 கிரிம்பிங்டூல்

பழுது இல்லை தம்பி, அது அவ்வளவுதான் செய்யும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பி வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். நீ வாங்கியது எட்டையும் அப்படியே இரண்டு வாய்க்கும் சேர்த்துக் கட்டியது. இரண்டு கணினியும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசினால் எதிர்ப்பக்கத்துக்கு ஒன்றும் புரியாது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது ஓடுவதும் அதனால்தான்.

இன்னொரு வகை ஸ்ப்ளிட்டர் உண்டு. அது நான்கு கம்பியை ஒருவருக்கும் நான்கை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும். அதைக் கேபிளின் இரண்டு முனையிலும் ஜோடியாக மாட்டவேண்டும், அந்தப் பக்கமும் இரண்டு போர்ட் காலியாக இருக்கவேண்டும். ஹாஸ்டல் சுவரில் அது நடக்காது. ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிக்கொள், கரண்ட்டில் ஓடும் சின்னப் பெட்டி. துண்டைத் தூக்கிப் போட்டுவிடு.

ஸ்விட்ச் போட்டும் ஒருவருக்குத்தான் வருகிறது என்றால் ஹாஸ்டலில் ஒரு பாயிண்டுக்கு ஒரு கருவி என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வார்டனிடம் கேட்டுக்கொள்.

#7 நெறியாளர்

ஹாஸ்டல்வாசி, மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் தனி இழை தொடங்குங்கள். இங்கே கும்பகோணத்துக் கதை நடக்கட்டும்.

#8 மகாமகக்கரை

ஸ்ப்ளிட்டர் எதுவும் இல்லை. மோடத்தில் நான்கு போர்ட். முதல் போர்ட்டில் மாமா, இரண்டாவதில் மாடிக் கேபிள். படம் எடுத்தும் பார்த்துவிட்டேன்.

இப்போது எண்கள். கையில் எழுதி எழுதிப் போடுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

மாமா கணினி: 192.168.1.5, கேட்வே 192.168.1.1.
என் லேப்டாப்: 192.168.0.101, கேட்வே 192.168.0.1.
மகள் லேப்டாப்: 192.168.0.102, கேட்வே அதே 192.168.0.1.

மூன்றிலும் டிஎச்சிபி எனேபிள்ட் என்பதற்கு நேரே எஸ் என்று இருக்கிறது. கையால் எழுதியது எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை வைத்து உள்ளே போனேன். அங்கே டிஎச்சிபி எல்லை 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை என்று இருக்கிறது. 169.254 எங்கேயும் இல்லை.

#9 நெட்டிழை

அருமையாக எடுத்திருக்கிறீர்கள். என் ஊகம் தவறு, முகவரிப் பஞ்சம் இல்லை.

இப்போது தெரிவது இது. வீட்டில் இரண்டு வலையமைப்பு இருக்கிறது. கீழே 1 வரிசை, மேலே 0 வரிசை. மாடி ரவுட்டர் தனக்குக் கீழே தனிக் குடித்தனம் நடத்துகிறது. இரட்டை நாட் என்பார்கள். தொல்லை அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#10 கிரிம்பிங்டூல்

அண்ணா, மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரட்டை நாட் பல வீடுகளில் வருடக்கணக்காக ஓடுகிறது. கேம் விளையாடுகிறவர்களுக்குச் சிக்கல் வரும், வெளியிலிருந்து கேமரா பார்ப்பதில் சிக்கல் வரும். கீழே ஒரு டெஸ்க்டாப்பைப் போட்டதும் மேலே அறுந்து போவதற்கு அது காரணமாகாது. மோடம், ரவுட்டர் இரண்டும் 192.168.1 என்று ஒரே வரிசையில் இருந்திருந்தால் ரவுட்டர் குழம்பும். இங்கே 1, 0 என்று வேறு வேறாகத்தான் இருக்கிறது.

#11 நெட்டிழை

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மோடத்தின் அந்த இரண்டு போர்ட்டில் ஒன்று பழுதோ? மூன்றாவது, நான்காவது போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

#12 பழையபிரவுசிங்சென்டர்

திருச்சியிலிருந்து. இழை முழுக்கப் படித்தேன் அம்மா. போர்ட் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது?

இரண்டு: இது ஒரு மாதமாக என்கிறீர்கள். அதற்கு முன்னால் இதே மோடம், இதே ரவுட்டர், இதே மூன்று கணினி ஒழுங்காக ஓடியதா? ஓடியது என்றால் ஒரு மாதத்துக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது? இணையத்துக்குச் சம்பந்தம் இல்லாததாகத் தோன்றினாலும் சொல்லுங்கள். மேசையை நகர்த்தினோம், வெள்ளையடித்தோம், எதுவாக இருந்தாலும் சரி.

#13 மகாமகக்கரை

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். சனி, ஞாயிறு தொல்லையே இல்லை! மகளுக்கு வாரம் ஏழு நாளும் வகுப்பு உண்டு, ஆனால் சனி ஞாயிறில் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. மாமா பங்குச் சந்தை பார்ப்பவர். 9.15க்கு சந்தை திறக்கும்போது உட்கார்ந்தால் 3.30க்குத்தான் எழுந்திருப்பார். சனி ஞாயிறு கணினியையே போடமாட்டார். காலையில் கூட்டம் என்று அவர்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. கூட்டம் எங்கள் வீட்டுக்குள்தான்.

மாறியது என்றால், முன்பு மாமா கணினியும் மாடியில்தான் இருந்தது, அந்தப் பழைய ரவுட்டரில்தான் செருகியிருந்தது. முட்டி வலியால் படி ஏற முடியவில்லை என்று போன மாதம் ஹாலுக்குக் கொண்டு வந்தோம். பக்கத்திலேயே மோடம் இருக்கிறதே என்று கேபிளை அதில் செருகிவிட்டேன். முன்பு மூன்றும் சேர்ந்து ஓடும், ஒரு தொல்லையும் இல்லை.

#14 பழையபிரவுசிங்சென்டர்

நல்லது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மாமாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மூன்று வேலை செய்யுங்கள். எதையும் மாற்றவேண்டாம், பார்த்து எழுதினால் போதும்.

முதலில் மாமா கணினியின் கறுப்புத் திரையில் பிங் -டி 192.168.1.1 என்று அடித்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். மோடம் பதில் சொல்கிறதா என்று அது திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

அடுத்து, பாஸ்வேர்டு போட்டுத் திறந்தீர்களே, அந்த மோடத் திரையில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். அதில் யார் யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, மகள் லேப்டாப்பில் 192.168.0.1 என்று திறந்து மாடி ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கம் போங்கள். அங்கே வான் என்று ஒரு பகுதி இருக்கும், ரவுட்டரின் வெளிப்பக்க இணைப்பு அது. அதில் உள்ள ஐபி முகவரி, மேக் முகவரி இரண்டும் வேண்டும். மாமா கணினியின் மேக் முகவரியும் வேண்டும். ஐபிகான்ஃபிக்கில் ஃபிசிக்கல் அட்ரஸ் என்று வரும். முழுவதையும் பொதுவில் போடாதீர்கள், கடைசி ஆறு இலக்கம் மட்டும் போடுங்கள்.

#15 மகாமகக்கரை

திங்கள் காலை, 9.50. வகுப்பு நடக்கும்போதே எடுத்தேன்.

பிங்: நான்கு வரி ஒழுங்காகப் பதில், ஒரு மில்லி செகண்ட் என்று. அப்புறம் மூன்று வரி ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். திரும்ப இரண்டு வரி பதில், திரும்ப டைம்ட் அவுட். எண்ணிப் பார்த்தேன், முதல் இருபதில் ஒன்பது போயிற்று. மகளை வகுப்பிலிருந்து வெளியே வரச் சொல்லி லேப்டாப்பை மூடச் சொன்னேன். உடனே தொடர்ந்து பதில் வந்தது, ஒன்றுகூடப் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் மோடத்துக்கே போய்ச் சேரவில்லை என்றால் வெளியே இருக்கிற கம்பெனியை என்ன சொல்வது?

மோடப் பட்டியலில் ஐந்து பேர்: மூன்று போன், டிவி, மாமா கணினி 192.168.1.5. மாடி ரவுட்டர் பட்டியலில் இல்லவே இல்லை. நான்கு தடவை பார்த்தேன்.

மாடி ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி: 192.168.1.5. மேக் கடைசி: 40-71-83.

மாமா கணினி மேக் கடைசி: 40-71-83.

எழுதும்போதே கை நின்றுவிட்டது. நான் ஒரே திரையை இரண்டு தடவை பார்த்து எழுதிவிட்டேனோ என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். இல்லை. இரண்டும் ஒன்றுதான். முதல் ஆறு எழுத்தும் ஒன்றேதான்.

#16 பழையபிரவுசிங்சென்டர்

கிடைத்துவிட்டது அம்மா. உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

மேக் முகவரி என்பது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே கொடுக்கும் எண். பன்னிரண்டு இலக்கம். முதல் பாதி தயாரித்தவரைக் காட்டும், மறுபாதி அந்தக் கார்டைக் காட்டும். ஒரே வலையமைப்பில் இரண்டு பேருக்கு ஒரே எண் இருக்கக்கூடாது. உங்கள் மோடத்தில் இப்போது இரண்டு பேர் ஒரே எண்ணோடு நிற்கிறார்கள்: மாமா கணினி, மாடி ரவுட்டர்.

மோடத்துக்குள் நான்கு போர்ட்டையும் இணைக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. எந்த எண் எந்தப் போர்ட்டில் இருந்து கடைசியாகப் பேசியதோ, அந்த எண் அங்கேதான் இருக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். மாமா ஒரு பக்கத்தைத் திறந்தால் 40-71-83 முதல் போர்ட்டில் என்று எழுதும். அடுத்த கணம் மகள் லேப்டாப் பேசினால் அதை அடித்துவிட்டு இரண்டாம் போர்ட் என்று எழுதும். மாடிக்கு வரவேண்டிய வீடியோ கீழே மாமா கணினிக்குப் போகும், அது எனக்கு இல்லை என்று போட்டுவிடும். மாமாவுக்கு வரவேண்டியது மாடிக்கு ஏறிப் போகும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் படும் பாடுதான் இது.

முகவரி கொடுக்கும் டிஎச்சிபியும் மேக் எண்ணைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. ஒரே எண் என்றதும் ஒரே ஆள் என்று நினைத்து இரண்டு பேருக்கும் 192.168.1.5 கொடுத்துவிட்டது. பட்டியலில் ரவுட்டர் காணாமல் போனதும் இதனால்தான். அது அங்கே இருக்கிறது, மாமா பெயருக்குப் பின்னால் நிற்கிறது.

விண்டோஸ் ஏன் ஐபி முகவரி மோதல் என்று எச்சரிக்கவில்லை என்று கேட்பீர்கள். அது வேறொரு மேக் எண்ணிலிருந்து அதே ஐபிக்குப் பதில் வந்தால்தான் மோதல் என்று எடுத்துக்கொள்ளும். தன் எண்ணிலிருந்தே வந்தால் தன் குரல் என்று விட்டுவிடும். அதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை நாள் சத்தமில்லாமல் இருந்தது.

2002இல் திருச்சியில் எட்டு கணினியோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி வந்திருந்தது. ஒரு கணினி டயல் செய்யும், அது 192.168.0.1 ஆக நிற்கும், மற்றவை அதன் வழியாகப் போகும். அதில் மூன்றாவது, ஏழாவது கணினியில் மட்டும் ஒரே நேரத்தில் ஆள் உட்கார்ந்தால் இரண்டும் தவிக்கும். கேபிள் மாற்றினேன், ஹப் மாற்றினேன், விண்டோஸையே திரும்பப் போட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் வந்து இரண்டு கார்டின் எண்ணையும் ஒரு சீட்டில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினார். ஒரே பெட்டியில் வந்த மலிவு விலைக் கார்டுகள், இரண்டிலும் ஒரே எண்ணைப் பதித்திருந்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் கேட்டது அந்த அனுபவத்தில்தான்.

உங்கள் விஷயத்தில் கார்டில் தவறு இல்லை. ரவுட்டரின் உண்மையான எண் அதன் அடியில் ஒட்டியிருக்கும். புரட்டிப் பாருங்கள். வேறாகத்தான் இருக்கும். யாரோ எப்போதோ மாமா கணினியின் எண்ணை ரவுட்டருக்கு நகல் எடுத்திருக்கிறார்கள்.

#17 மகாமகக்கரை

புரட்டிப் பார்த்தேன். தூசியைத் துடைத்தால் 58-20-16 என்று முடிகிறது. வேறுதான்!

யார் செய்தது என்றும் ஞாபகம் வந்துவிட்டது. 2016இல் தெருவில் கேபிள் இணையம் வந்தபோது முதலில் மாமா கணினிக்கு மட்டும் போட்டோம். அப்புறம் ரவுட்டர் வாங்கி வந்தபோது அது வேலை செய்யவில்லை. கேபிள்காரர் வீட்டுப் பையன் வந்து, மாமா கணினியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான், உடனே வந்துவிட்டது. கெட்டிக்காரப் பையன் என்று காபி கொடுத்து அனுப்பினோம். 2021இல் ஃபைபர் வந்த பிறகும் அதே ரவுட்டரைத்தான் மாடியில் வைத்தோம்.

#18 கிரிம்பிங்டூல்

அக்கா, அந்தப் பையன் செய்தது சரியான வேலைதான். அந்த நாளில் கேபிள் இணையத்தில் வாடிக்கையாளரின் மேக் எண்ணைப் பதிவு செய்துவிடுவோம். அந்த எண்ணுக்கு மட்டும்தான் இணையம் போகும். கணினியை மாற்றினாலோ ரவுட்டர் வாங்கினாலோ ஆபீசுக்குப் போன் போட்டு எண்ணை மாற்றவேண்டும், அது இரண்டு நாள் ஆகும். அதற்குக் குறுக்கு வழியாக ரவுட்டரில் மேக் குளோன் என்று ஒரு பக்கம் உண்டு. பழைய கணினியில் இருந்து அதைத் திறந்து குளோன் என்று அழுத்தினால், ரவுட்டர் வெளியே அந்தக் கணினியின் எண்ணைச் சொல்லிக்கொள்ளும். நானே எத்தனையோ வீட்டில் செய்து கொடுத்திருக்கிறேன்.

மாமா கணினி ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவரை இது யாரையும் தொந்தரவு செய்யாது. ரவுட்டரின் உள்பக்கத்தில் அவர், வெளிப்பக்கத்தில் அவருடைய எண். இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பதே இல்லை. நீங்கள் அவரைக் கீழே கொண்டு வந்ததும் இரண்டும் ஒரே பக்கம் ஆகிவிட்டது.

இப்போது இதைப் படிக்கும்போது, நான் குளோன் போட்டுக் கொடுத்த வீடுகளில் இன்று எத்தனை பேர் இப்படித் தவிக்கிறார்களோ என்று இருக்கிறது. போகும்போது ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கவேண்டும்.

#19 பழையபிரவுசிங்சென்டர்

வகுப்பு முடிந்ததும் செய்யுங்கள். 192.168.0.1 திறந்து, நெட்வொர்க் என்ற மெனுவில் மேக் குளோன் பக்கம். அங்கே தொழிற்சாலை எண்ணுக்குத் திரும்பும் பொத்தான் இருக்கும். ரீஸ்டோர் ஃபேக்டரி மேக் என்று எழுதியிருக்கும். அதை அழுத்திச் சேமியுங்கள். அப்புறம் மூன்றையும் அணைத்துவிட்டு முதலில் மோடம், அது நிலைத்த பிறகு ரவுட்டர், கடைசியில் மாமா கணினி என்று போடுங்கள். வேறு எதையும் கூடவே மாற்றாதீர்கள். இரண்டு மாற்றம் சேர்ந்து செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

#20 நெட்டிழை

ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது தனி வலையமைப்பு நடத்தாமல் வைஃபை மட்டும் தரும் பெட்டியாக மாற்றிவிட்டால் குளோனைத் தொடவே வேண்டாமே ஐயா? மாடிக் கேபிளை வான் போர்ட்டில் இருந்து பிடுங்கி லேன் (உள்பக்க) போர்ட்டில் செருகினால் வான் எண் வெளியே வராது. இரட்டை நாட்டும் போய்விடும்.

#21 பழையபிரவுசிங்சென்டர்

வழி சரிதான், அதையும் செய்யலாம். ஆனால் குளோனை உள்ளே விட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு யாராவது சுத்தம் செய்யும்போது கேபிளை எடுத்து வான் போர்ட்டில் செருகினால் இதே தொல்லை திரும்ப வரும், அப்போது இந்த இழை யாருக்கும் ஞாபகம் இருக்காது. முதலில் மூலத்தை எடுப்போம். அது நின்ற பிறகு உங்கள் யோசனை.

#22 மகாமகக்கரை

செய்தேன்! ரவுட்டரின் வான் மேக் இப்போது 58-20-16, வான் ஐபி 192.168.1.7. மோடப் பட்டியலில் ஆறு பேர். மாடி ரவுட்டர் தன் பெயரோடு வந்து நிற்கிறது.

இன்று செவ்வாய் 9.15க்கு மாமா உட்கார்ந்தார், 9.30க்கு வகுப்பு தொடங்கியது, நானும் ஆபீஸ் போர்ட்டலில் நுழைந்தேன். மாமா கணினியில் பிங்கை 10.30 வரை ஓடவிட்டேன். அவர் திரையின் ஓரத்தில் கறுப்புச் சன்னல் ஓடிக்கொண்டே இருந்தது, "இது என்னம்மா, எந்த ஷேர்?" என்று கேட்டார். ஒரு வரிகூட டைம்ட் அவுட் இல்லை. நிறுத்தியதும் லாஸ்ட், அதாவது தொலைந்தது, சைபர் என்று காட்டியது. மகள் கீழே இறங்கி வந்து அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு மாதமாகப் பதிவு வகுப்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று மட்டும். பிரிண்டர் மாமா கணினியில் இருக்கிறது. அதைக் கீழே கொண்டு வந்த பிறகு மாடியிலிருந்து பிரிண்ட் போக மாட்டேன் என்கிறது. இதுவும் அதனால்தானா?

#23 நெட்டிழை

அது இரண்டு குடித்தனத்தால். 0 வரிசையில் இருக்கும் லேப்டாப், 1 வரிசையில் பகிர்ந்திருக்கும் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்காது. இப்போது ஆக்சஸ் பாயிண்டாக மாற்றினால் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் மோடத்தில் டிஎச்சிபி தொடக்கத்தை 192.168.1.10 என்று ஆக்குங்கள். அதற்குக் கீழே உள்ள எண்களை நாம் கையால் கொடுக்கலாம். அடுத்து மாடி ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்துங்கள். இது முக்கியம். நிறுத்தாமல் லேன் போர்ட்டில் செருகினால் ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்தது நிற்கும், பாதிக் கருவிகள் வெளியே வழி இல்லாத ரவுட்டரைக் கேட்வேயாக எடுத்துக்கொள்ளும். நிறுத்திய பிறகு ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கடைசியில் கேபிளை வான் போர்ட்டில் இருந்து லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

#24 மகாமகக்கரை

பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். டிஎச்சிபியை நிறுத்தி, முகவரியையும் மாற்றிச் சேமித்ததும் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. 192.168.0.1 திறக்கவே இல்லை. மகள் லேப்டாப்பில் 169.254 வந்துவிட்டது. ரவுட்டரைக் கெடுத்துவிட்டேனா?

#25 கிரிம்பிங்டூல்

இல்லை அக்கா, சரியாகத்தான் போகிறது. அதன் பழைய முகவரி போய்விட்டது, முகவரி கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. இப்போது கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். மோடம் மேலே வரைக்கும் முகவரி கொடுக்கும். லேப்டாப்பை ஒரு தடவை துண்டித்து இணையுங்கள். இனிமேல் ரவுட்டர் பக்கம் வேண்டும் என்றால் 192.168.1.2.

#26 மகாமகக்கரை

வந்துவிட்டது! மகளுக்கு 192.168.1.12, எனக்கு 192.168.1.13. பிரிண்டரைச் சேர் என்றதும் மாமா கணினியின் பெயர் பட்டியலில் வந்தது. சோதனைக்கு மகளின் கால அட்டவணையை மாடியிலிருந்து அனுப்பினேன். கீழே பிரிண்டர் உறுமுகிற சத்தம் கேட்டது, மாமா "ஏதோ வருதும்மா" என்று கூப்பிட்டார்.

ஒரு வெள்ளை அட்டையில் இப்படி எழுதி ரவுட்டரின் மேல் ஒட்டியிருக்கிறேன்: கேபிள் மஞ்சள் (லேன்) போர்ட்டில் மட்டும், நீலத்தில் (வான்) வேண்டாம். முகவரி 192.168.1.2. டிஎச்சிபி கிடையாது, கீழே மோடம் கொடுக்கும். மேக் குளோன் எடுத்தாயிற்று. கீழே தேதியும் போட்டிருக்கிறேன்.

#27 ஹாஸ்டல்வாசி

அண்ணா, ஸ்விட்ச் வாங்கிப் போட்டோம். இரண்டு பேருக்கும் வருகிறது. துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.